யாருக்காகத் திறந்த கணக்கு: இந்தியாவும் கென்யாவும்

உலக வங்கி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் ஃபின்டெக்ஸ் கணக்கெடுப்பில் இந்தியாவின் வரிசையையும் கென்யாவின் வரிசையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் முதலில் வியப்புதான் ஏற்படும். வயது வந்தோரில் வங்கியிலோ கைபேசிப் பணச் சேவையிலோ கணக்கு வைத்திருந்தவர்கள் 2011-இல் இந்தியாவில் 35 சதவீதம், கென்யாவில் 42. 2014-இல் இங்கே 53, அங்கே 75. 2017-இல் 80-ம் 82-ம் என்று இரண்டும் நெருங்கிவிட்டன. 2021-இல் 78, 79. அண்மைக் கணக்கெடுப்பில் இரண்டு நாடுகளும் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கின்றன. மக்கள்தொகையில் நம்மில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் சற்றே குறைவான ஒரு நாடும் நாமும் பதினைந்தே ஆண்டுகளில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

வந்து சேர்ந்த இடம் ஒன்று என்பதால் வந்த வழியும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் காவிரி டெல்டாவின் கிராமக் கிளைகளில் கழித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, மகளின் வேலை காரணமாகச் சில ஆண்டுகள் நைரோபியில் வசிக்க நேர்ந்தது. பழக்க தோஷம் விடவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே மக்கள் பணத்தை எங்கே வைக்கிறார்கள், யாரிடம் கைமாற்று வாங்குகிறார்கள் என்றுதான் கண் போகும். அப்படிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இது: இந்தியாவில் அரசு முதலில் கணக்கைத் திறந்தது, மக்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது வெகு பின்னால். கென்யாவில் மக்களுக்குப் பணம் அனுப்பும் தேவை முதலில் இருந்தது, கணக்கு அந்தத் தேவையின் பின்னால் வந்தது. இன்றைக்கு இரண்டு நாடுகளிலும் ஏழைகள் படும் பாடுகள் வேறு வேறாக இருப்பதற்கு இந்த முன்பின்தான் பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து.

இரண்டு நாடுகளின் வங்கி வரலாற்றுக்கும் ஒரு பொது வேர் உண்டு என்பதை நைரோபியில்தான் அறிந்தேன். 1863-இல் கல்கத்தாவில் தோன்றி, பின்னர் லண்டனுக்கு இடம்பெயர்ந்த நேஷனல் பேங்க் ஆஃப் இந்தியா, 1896-இல் மொம்பாசாவில் ஒரு கிளையைத் திறந்தது. அந்தக் கிளையின் வழிவந்ததுதான் பிற்பாடு கிரிண்ட்லேஸ் வங்கியோடு இணைந்து, 1970-இல் கென்ய அரசின் பெரும்பான்மைப் பங்கோடு கென்யா கமர்ஷியல் பேங்க் ஆனது. மொம்பாசாவிலும் சரி, மதராஸிலும் சரி, அந்நாளைய வங்கி யாருக்கானது என்பதில் ஐயமே இல்லை. ஏற்றுமதி வணிகருக்கும் தோட்ட முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும் உரிய இடம் அது. விடுதலைக்குப் பிறகு இந்த நிலையை மாற்ற இந்தியா எடுத்துக்கொண்ட அளவு முயற்சியைக் கென்யா எடுக்கவில்லை.

இந்தியா எடுத்தது மிகப் பெரிய முயற்சி. 1951-இல் கிராமக் குடும்பங்களின் கடனில் வங்கிகள், கூட்டுறவுச் சங்கங்கள் போன்ற நிறுவனங்களின் பங்கு ஏறத்தாழ 7 சதவீதம். மற்றதெல்லாம் லேவாதேவிக்காரர், வியாபாரி, நிலக்கிழார், உறவினர் கணக்கு. 1969 ஜூலை 19-ஆம் தேதி 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது நாடு முழுவதும் இருந்த 8,262 கிளைகளில் கிராமங்களில் இருந்தவை 1,833 மட்டுமே. அந்த ஆண்டின் முடிவில், ஒவ்வொரு மாவட்டத்தையும் ஒரு வங்கியின் பொறுப்பில் விடும் முன்னோடி வங்கித் திட்டம் வந்தது. 1975-இல் மண்டல ஊரக வங்கிகள் வந்தன. 1977-இல், ஏற்கெனவே கிளை உள்ள ஓர் ஊரில் புதிதாக ஒன்றைத் திறக்க வேண்டுமானால் கிளையே இல்லாத நான்கு ஊர்களில் திறந்தாக வேண்டும் என்ற உரிம விதி வந்தது. 1991-இல் கிளைகளின் எண்ணிக்கை 60,000-ஐ எட்டியது, அவற்றில் பாதிக்கு மேல் கிராமங்களில். ராபின் பர்கெஸும் ரோகிணி பாண்டேயும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நான்குக்கு ஒன்று விதி நடப்பில் இருந்த காலத்தில் கிளைகள் பரவிய மாநிலங்களில் கிராம வறுமை குறைந்ததைக் காட்டியது. வங்கிக்காரர்கள் சங்கடத்தோடு நினைவுகூரும் ஒரு காலத்துக்குக் கிடைத்த நற்சான்று அது.

சங்கடம் என்று சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்துக் கிளை மேலாளர் ஒருவருக்கு மாட்டுக் கடனும் ஆட்டுக் கடனும் இலக்காக வந்து சேரும். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் மானியத்தோடு கூடிய கடனுக்குப் பயனாளிப் பட்டியல் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலிருந்து வரும். ஒரே மாடு ஊர் ஊராகப் போய்க் கறவை மாடாகக் காதில் வில்லை மாட்டிக்கொண்ட கதைகள் எல்லாக் கிளைகளிலும் உண்டு. 1990-இல் வந்த வேளாண் கடன் தள்ளுபடி, ஒழுங்காகக் கட்டியவரை ஏமாளியாக்கியது. இத்தனைக்கும் பிறகும், கிராமக் கடனில் நிறுவனங்களின் பங்கு 1991-இல் 64 சதவீதத்தைத் தொட்டிருந்தது என்பதையும் மறக்கலாகாது. அதன் பிறகு வந்த சீர்திருத்தங்களில் கிராமக் கிளை என்பது சுமையாகிப்போனது. உரிம விதி தளர்ந்தது, கிராமக் கிளைகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கியது, 2002-இல் அந்தப் பங்கு 57-க்கு இறங்கியது. லேவாதேவிக்காரரின் பங்கு 17-லிருந்து ஏறத்தாழ 30-க்கு ஏறியது. வங்கி பின்வாங்கிய இடத்தில் தண்டல்காரர் வந்து உட்கார்ந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

கென்யாவில் அதே தொண்ணூறுகளில் நடந்தது இதைவிடக் கொடுமை, ஏனென்றால் பின்வாங்குவதற்கே அங்கே அதிகம் இருக்கவில்லை. பன்னாட்டு வங்கிகள் சிற்றூர்க் கிளைகளை மூடின. குறைந்தபட்ச இருப்பை உயர்த்தின. சிறு கணக்குகளைக் கட்டணம் போட்டே வெளியேற்றின. எளியவர்களை வாசலுக்கு அழைத்த வங்கி என்று சொல்ல வேண்டுமானால் ஈக்விட்டியைச் சொல்லலாம். 1984-இல் வீட்டுக்கடன் சங்கமாகத் தொடங்கி, 1993-இல் மத்திய வங்கியால் நொடித்த நிலையில் உள்ளது என்று அறிவிக்கப்பட்டு, ஜேம்ஸ் முவாங்கியின் கைக்கு வந்தபின் மீண்டு, 2004-இல் முழு வங்கியானது அது. மற்றபடி தேயிலை, காப்பி விவசாயிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் சேமிப்பு–கடன் கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தன. அனைவருக்கும் சாமா இருந்தது. சாமா என்பது நம் ஊர்ச் சீட்டுக்கு மிக நெருங்கிய உறவு. பத்துப் பதினைந்து பெண்கள் மாதந்தோறும் கூடி ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. நாட்டின் சொந்தக் கணக்கெடுப்பான ஃபின்ஆக்ஸஸ் 2006-இல் முதன்முறை நடந்தபோது, முறைசார்ந்த நிதிச் சேவை ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்திய கென்யர்கள் 26.7 சதவீதம் மட்டுமே.

நைரோபியில் கூலி வேலை செய்யும் ஒருவர் மேற்கே கிசுமு பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் தாய்க்குப் பணம் அனுப்ப வேண்டுமானால் என்ன செய்வார்? பேருந்து ஓட்டுநரிடம் உறையில் போட்டுக் கொடுப்பார், ஊருக்குப் போகும் உறவினரிடம் கொடுப்பார், அல்லது தானே போவார். உறை வழியில் தொலையும், பாதி குறையும். நகரத்தில் ஒரு காலும் ஊரில் ஒரு காலுமாக வாழும் சமூகத்தில் அன்றாடம் எல்லோருக்கும் இருந்த தேவை இதுதான்.

அந்தத் தேவையைச் சஃபாரிகாம் என்ற கென்யத் தொலைத்தொடர்பு நிறுவனம் முதலில் தேடிப் போகவில்லை என்பது இக்கதையின் சுவையான பகுதி. பிரிட்டிஷ் அரசின் உதவி நிதியோடு 2005-இல் நடந்த சோதனையின் நோக்கம், ஃபாவுலு என்ற நுண்கடன் அமைப்பின் உறுப்பினர்கள் கைபேசி வழியாகத் தவணை கட்டுவது. சோதனையில் இருந்தவர்களோ தவணை கட்டியதோடு நிற்காமல் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். நிறுவனம் அதைக் கவனித்து, கடனைக் கைவிட்டு, வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள் என்ற ஒற்றை வாசகத்தோடு 2007 மார்ச் மாதம் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையைத் தொடங்கியது. 2009 ஆகஸ்டில் கணக்குகள் 77 லட்சம். இடையில், 2007 டிசம்பர்த் தேர்தலுக்குப் பின் வெடித்த வன்முறையில் சாலைகளும் கடைகளும் அடைபட்டிருந்த வாரங்களில், சிக்கிக்கொண்ட உறவினருக்குப் பணத்தையும் கைபேசிப் பேச்சுநேரத்தையும் அனுப்ப வேறு வழி இல்லாதபோது இந்தச் சேவை மக்கள் மனத்தில் நிலைத்தது.

முறைசார்ந்த சேவையைப் பயன்படுத்துவோர் பற்றிய ஃபின்ஆக்ஸஸின் எண் 2009-இல் 40.5, 2013-இல் 66.7, 2019-இல் 82.9 என்று ஏறியது. அந்த ஏற்றத்தைத் தெருவில் பார்க்க வேண்டுமானால் ஓர் எம்-பெசா முகவர் கடைமுன் அரைமணி நேரம் நின்றால் போதும். நைரோபியின் கவாங்வாரேயில் நான் வழக்கமாகப் போகும் கடை, பச்சை வண்ணம் பூசிய தகரப் பெட்டி. கம்பி வலைக்குப் பின்னால் ஓர் இளம்பெண். அவள் முன்னால் நீளமான ஒரு பேரேடு. பணம் எடுக்க வருபவர் தன் பழைய பொத்தான் கைபேசியில் முகவர் எண்ணையும் தொகையையும் ரகசிய எண்ணையும் அழுத்துவார். இருவர் கைபேசிக்கும் குறுஞ்செய்தி வரும். அவள் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, தேதி, பரிவர்த்தனைக் குறியீடு, அட்டை எண், தொகை எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நோட்டுகளை எண்ணி வலைக்கடியில் தள்ளுவாள். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். வங்கிக் கிளையில் அமர்ந்து இதையே செய்தவன் என்ற முறையில் அந்தப் பேரேட்டைப் பொறாமையோடுதான் பார்த்தேன். அவளுக்கு வரும் ஒரே தலைவலி, மாதக் கடைசியில் கையிருப்பு தீர்ந்துபோவது; அப்போது மேல்நிலை முகவரிடம் ஓடுவாள், வாடிக்கையாளர் அடுத்த தெருக் கடைக்குப் போவார். அடுத்த தெருவில் ஒரு கடை இருக்கும் என்பதுதான் இங்கே முக்கியம்.

இது நம் நாட்டில் ஏன் நடக்கவில்லை? முயலாமல் இல்லை. அதே எம்-பெசாவை வோடஃபோன் 2013-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் மூடிவிட்டுப் போனது. கென்ய மத்திய வங்கி 2007-இல் தனிச் சட்டம் எதுவும் இல்லாத நிலையில், ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம் மட்டும் கொடுத்து, வாடிக்கையாளர் பணம் முழுவதும் வங்கியில் அறக்கட்டளைக் கணக்கில் கிடக்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடு தொலைத்தொடர்பு நிறுவனத்தை நடத்தவிட்டது. 2008 இறுதியில் நிதி அமைச்சகம் தணிக்கைக்கு உத்தரவிட்டபோதும் சேவை தப்பியது. நம் ரிசர்வ் வங்கியோ பணம் என்பது வங்கியின் கையில்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாக நின்றது. வங்கியல்லாத நிறுவனங்களின் கைபேசிப் பணப்பையிலிருந்து ரொக்கம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. தெருமுனைக் கடையில் ரொக்கமாக எடுக்க முடியாத பணத்தை ஏழை எதற்குக் கைபேசியில் வைக்கப் போகிறார்? ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். சீட்டு நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் மக்களின் பணத்தோடு ஓடிப்போன தொண்ணூறுகளைத் தமிழ்நாட்டில் பார்த்த எவரும் சொல்லமாட்டார். ஆனால் அந்த எச்சரிக்கைக்கு ஒரு விலை இருந்தது. நாம் வங்கிக் கணக்கு வழியாகவே போயாக வேண்டியிருந்தது, அதற்கு இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

அந்த வழியில் முதல் அடி நமக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. புதுச்சேரியின் மங்கலம் கிராமத்தில் 2005 டிசம்பரில் எல்லாக் குடும்பத்துக்கும் வங்கிக் கணக்கு கொடுத்து, அப்படிச் செய்த முதல் கிராமம் என்ற பெயரை இந்தியன் வங்கி வாங்கிக்கொடுத்தது. எளிய கணக்குகள் நாடெங்கும் திறக்கப்பட்டன, பெரும்பாலானவை தூங்கின. 2014 ஆகஸ்ட் 28-ஆம் தேதி ஜன்தன் திட்டம் தொடங்கியபோது அந்த ஒரே நாளில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிக் கணக்குகள். 2023 ஆகஸ்டில் அது 50 கோடியைத் தாண்டியது, பாதிக்கு மேல் பெண்கள் பெயரில். இருப்பே இல்லாத கணக்குகளின் விகிதம் அமைச்சர்களுக்குச் சங்கடம் தந்ததால், சில கிளைகளில் ஊழியர்களே ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டுவைத்த செய்தி 2016-இல் வெளியானது. எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை. இலக்கு மேலிருந்து வந்தால் கிளை எப்படி நடந்துகொள்ளும் என்பது மாட்டுக் கடன் காலத்திலிருந்தே தெரிந்ததுதான். 2017-இல் இந்தியக் கணக்குகளில் கிட்டத்தட்டப் பாதியில் ஓராண்டாக வரவு செலவே இல்லை என்றும், 2021-இல் அது 35 சதவீதம் என்றும் ஃபின்டெக்ஸ் காட்டியது. 2017-இல் வேறெந்த நாட்டிலும் இந்த அளவு இல்லை.

கணக்கை உயிர்ப்பித்தது அரசின் பணம்தான். நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் உதவித்தொகை, எரிவாயு மானியம், 2020-இல் பெண்களின் ஜன்தன் கணக்குகளில் மூன்று மாதம் விழுந்த 500 ரூபாய், தமிழ்நாட்டில் 2023 முதல் வரும் மகளிர் உரிமைத்தொகை. பணம் ஏறிவிட்டதா என்று கேட்டபடி வருபவர்கள் கிளையிலும் வங்கி முகவரிடமும் வரிசையில் நிற்பார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த வரிசையைக் காண்கிறேன். நியாயவிலைக் கடைத் திண்ணையில் முகவர் கைரேகைக் கருவியோடு உட்கார்ந்திருப்பார். நாற்று நட்டும் களை பறித்தும் ரேகை தேய்ந்த விரலை ஒரு மூதாட்டி கருவியில் வைப்பார்; ஏற்காது. முந்தானையில் துடைத்து வைப்பார்; ஏற்காது. தலைமுடியில் எண்ணெய்ப் பதத்துக்கு ஒரு தேய் தேய்த்து, “இந்த விரலு கேக்குதா பாரு கண்ணு” என்று அடுத்த விரலை நீட்டுவார். கிடைத்ததும் ஏறிய தொகை முழுவதையும் எடுத்துவிடுவார், கணக்கில் விட்டுவைப்பதில்லை. கவாங்வாரேக் கடையில் பணம் எடுப்பவர் மகன் அனுப்பியதை எடுக்கிறார், மிச்சத்தில் கொஞ்சத்தைத் தங்கைக்கு அனுப்புகிறார், விதைக்கடைக்குக் கட்டுகிறார். இந்த மூதாட்டியின் கணக்கில் பணம் ஒரு வழியாகத்தான் ஓடுகிறது.

இளையவர்களுக்கு நிலைமை மாறிவிட்டது என்பதை மறுக்கவில்லை. 2016-இல் வந்த யுபிஐ, 2023 ஆகஸ்டில் ஒரு மாதத்துக்கு 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. இளநீர்க் கடையிலும் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. எந்த வங்கியிலிருந்தும் எந்தச் செயலி வழியாகவும் கட்டணமில்லாமல் அனுப்பலாம். இங்கே கென்யா நம்மிடம் கற்க வேண்டும். அங்கே ஒரே நிறுவனம் நெடுங்காலம் சந்தையில் பத்தில் ஒன்பது பங்கை வைத்திருந்தது. அனுப்பவும் கட்டணம், எடுக்கவும் கட்டணம். அந்தக் கட்டணத்தின் மீது அரசு 2013-இல் 10 சதவீதம் கலால் வரி போட்டு, 2018-இல் 12, 2023-இல் 15 என்று ஏற்றிக்கொண்டே போனது. மக்கள் தவிர்க்க முடியாத இடத்தில் வரி போடுவது எந்த நிதி அமைச்சருக்கும் எளிது.

ஆனால் கட்டணத்தைவிடப் பெரிய சிக்கல் கடன். 2012 நவம்பரில், எம்-பெசா வழியாகக் கடன் தரும் எம்-ஷ்வாரி வந்தபோது, வங்கியின் வாசலையே மிதிக்காதவர்க்குக் கைபேசியில் சில நொடிகளில் கடன் என்பது புரட்சியாகத்தான் தெரிந்தது. முப்பது நாள் கடனுக்கு 7.5 சதவீதக் கட்டணம். ஆண்டுக்குக் கணக்குப் பார்த்தால் 90. நம் ஊரில் மாதத்துக்கு நூற்றுக்கு ஏழரை வட்டி வாங்குபவரைக் கந்துவட்டிக்காரர் என்போம். 2016-இல் வங்கி வட்டிக்கு உச்சவரம்பு விதித்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். வங்கிகள் சிறு கடனையே நிறுத்திக்கொண்டதால் 2019-இல் அதை நீக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில், எந்த ஒழுங்குமுறைக்கும் உட்படாத செயலிக் கடன்கள் பெருகின. சில நூறு ஷில்லிங் பாக்கிக்காக லட்சக்கணக்கானோர் கடன் தகவல் நிறுவனங்களின் கறுப்புப் பட்டியலில் ஏறி, வேலைக்குக் கடன் பாக்கி இல்லை என்ற சான்று கேட்ட இடத்தில் தவித்தார்கள். 1,000 ஷில்லிங்குக்குக் குறைந்த பாக்கிக்குப் பட்டியலிடக் கூடாது என்று மத்திய வங்கி சொன்னது 2020-இல். செயலிகளுக்கு உரிமம் கட்டாயமானது 2022-இல்.

நாம் இந்தச் சுழலிலிருந்து முழுதாகத் தப்பவில்லை. கடன் செயலிகளின் மிரட்டலும் தற்கொலைகளும் இங்கேயும் நடந்து, ரிசர்வ் வங்கி 2022-இல் விதிகளைக் கொண்டுவந்தது. ஆயினும் நம்மிடம் இடையில் இரண்டு தடுப்புகள் இருந்தன. ஒன்று சுய உதவிக் குழு. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டமும் 1992-இல் நபார்டு தொடங்கிய வங்கி இணைப்பும், சாமா போன்ற ஓர் அமைப்பை வங்கிக் கடனோடு நேரடியாகச் சேர்த்தன. கென்யா தன் சாமாக்களுக்கு இந்த அளவில் அப்படியொரு கதவைத் திறக்கவில்லை. மற்றொன்று நகைக்கடன். கால் பவுன் தோட்டை வைத்து வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அன்றே பணம் வாங்கும் வசதி தமிழ்நாட்டுக் குடும்பங்களை எத்தனை இக்கட்டிலிருந்து காத்திருக்கிறது என்பதை, நிதிச் சேவை எல்லோரையும் எட்டியதா என்று பார்க்கும் எந்த நிதி உள்ளடக்கக் குறியீடும் அளப்பதில்லை. கிராமக் கடனில் நிறுவனப் பங்கு 2019-இல் மீண்டும் 66 சதவீதத்துக்கு ஏறியது. 1991-இல் 64 இருந்ததை நினைத்தால், இடையில் திறந்த கோடிக்கணக்கான கணக்குகள் கடன் விஷயத்தில் நம்மைப் புறப்பட்ட இடத்துக்குத்தான் திருப்பிக் கொண்டுவந்திருக்கின்றன.

கென்யாவுக்கும் அதன் வழி பெரிய நன்மை செய்ததை மறைக்கக் கூடாது. எம்-பெசா பரவலால் 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டதாகவும், 1,85,000 பெண்கள் விவசாயத்தை விட்டுச் சிறுதொழிலுக்கு மாறியதாகவும் தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016-இல் கணித்தார்கள். அதே கென்யாவின் ஃபின்ஆக்ஸஸ் இன்னொரு கேள்வியையும் கேட்கிறது: அன்றாடச் செலவைச் சமாளிக்க முடிகிறதா, திடீர்ச் செலவைத் தாங்க முடிகிறதா, எதிர்காலத்துக்கு எடுத்துவைக்க முடிகிறதா? நிதிநலம் உள்ளவர்கள் என்று இதில் தேறியவர்கள் 2016-இல் 39.4 சதவீதம், 2021-இல் 17.1, 2024-இல் 18.3. வறட்சியும் பெருந்தொற்றும் விலைவாசியும் அதற்குள் அடக்கம்தான்; ஆனால் சேவை கிட்டியவர் விகிதம் ஏற ஏற இது இறங்கியிருக்கிறது என்பதை அந்நாட்டின் மத்திய வங்கியே தன் அறிக்கையில் அச்சிட்டு வெளியிடுகிறது. நம் ரிசர்வ் வங்கியின் நிதி உள்ளடக்கக் குறியீடு 2017-இல் 43.4, 2024-இல் 64.2 என்று ஏறுமுகமாகவே போகிறது. வங்கிகளும் பிற நிதி நிறுவனங்களும் தரும் கிளை, கணக்கு, பரிவர்த்தனை எண்ணிக்கைகளிலிருந்துதான் அது கட்டப்படுகிறது. திண்ணையில் விரலைத் தேய்த்த மூதாட்டியிடம் யாரும் போய் எதையும் கேட்பதில்லை. கென்யர்களின் அந்த மூன்று கேள்விகளை நம் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் கடன், முதலீட்டுச் சுற்றில் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் புதிய திட்டமோ புதிய கணக்கோ எதுவும் தேவையில்லை.